முதலில் போகிறவர்

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் பொடிசும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முழங்கை வலி எப்படி இருக்கிறது? பல் அச்சு வார்க்கிற இடத்தில் நாள் முழுக்க ஈரத்தில் கை வைக்காதே என்று எத்தனை தடவை சொன்னாலும் நீ கேட்கவா போகிறாய்.

ஒரு நல்ல சேதி. எங்கள் ஓட்டல் சலவைக்கூடத்தில் மேற்பார்வைக்கு ஒரு ஆள் எடுக்கப் போகிறார்கள். வெளியாளை எடுப்பதை விட விரிப்பு மடிக்கிற எங்களில் ஒருத்தியை எடுக்கலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். ஏப்ரலில் ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். அதில் தேறினால் குடும்பத்தோடு தங்க இரண்டு அறை வீடு கிடைக்கும். பொடிசை என்னோடு வைத்துக்கொள்ளலாம். அவளை உன்னிடம் விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து நான் இந்த ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், உனக்குத் தெரியும்.

அதனால் வேலை முடிந்ததும் ஆங்கில வகுப்புக்குப் போகிறேன். ஒரு டயர் கடைக்கு மேல் மாடி. வாத்தியாருக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும். ஆனால் மனுஷர் எங்களை உட்கார விடுவதில்லை. வினைச்சொல்லை உட்கார்ந்து படித்தால் ஒட்டாது, செய்தால்தான் ஒட்டும் என்பது அவர் கொள்கை. 'வாக்' என்றால் எல்லாரும் நடக்க வேண்டும். 'ஸ்டாப்' என்று அவர் சொல்லும்வரை நடக்க வேண்டும். 'ஜம்ப்' சொல்லிக்கொடுத்த அன்று கீழே டயர் கடைக்காரர் தலையில் சுண்ணாம்போடு மேலே ஏறி வந்துவிட்டார்.

ஒருநாள் எங்களில் ஒரு லாரி டிரைவர் விளையாட்டுக்கு 'ஸ்டாப்' என்று கத்தினார். வாத்தியார் கோபப்படவில்லை. "வினைக்குள்ள இருக்கிறவங்க அதை நிறுத்த முடியாதுப்பா. வெளியே நிக்கிறவங்கதான் நிறுத்த முடியும்" என்றார். அன்றைக்கு வகுப்பு முடியும்வரை எங்களை நடக்க வைத்துவிட்டார். ராத்திரி கால் விண்விண் என்று தெறித்தது. ஆனால் அந்தச் சொல் இனி செத்தாலும் மறக்காது.

பொடிசுக்கு என் முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
வாலு


ஜனவரி 25

அடி வாலு,

நாங்கள் நலம். உன் கடிதம் கிடைத்தது. என் முழங்கையைப் பற்றி விசாரித்ததற்கு நன்றி, அது உன்னை விட நன்றாகச் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

பொடிசுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. ஊருக்கெல்லாம் பல் செய்து கொடுக்கிற பெரியம்மா வீட்டிலேயே பொக்கை வாய் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேலி செய்கிறார்களாம். எனக்கும் செய்து கொடு என்று ஒரே நச்சரிப்பு. மெழுகில் இரண்டு பல் பிடித்து ஒட்டிவிட்டேன். அரைமணியில் மென்று தின்றுவிட்டாள்.

ஆங்கிலம் படிக்கப் போன இடத்தில் குதித்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டு எங்கள் பல் செய்கிற கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். எப்படியோ படித்துத் தொலை. அம்மா வருவாள், அம்மா வருவாள் என்று இந்தப் பெண்ணுக்கு நானும் எத்தனை நாள்தான் சொல்வது? வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் ஓடிப்போய்ப் பார்க்கிறாள். எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. அடுத்து என்ன சொல் படித்தாய் என்று எழுது.

அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்கா,

நீயும் பொடிசும் நலம்தானே. நான் நலமாகத்தான் இருக்கிறேன். பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே.

அடுத்த சொல் 'ஃபாலோ'. நமக்கெல்லாம் தெரிந்த சொல்தான் என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் அதற்கு எத்தனை பொருள் என்கிறாய். ஒருவர் பின்னால் போவதும் ஃபாலோதான். ஒருவர் பேசுவது புரிவதும் அதுதான். சொன்னபடி நடப்பதும் அதுதான். ஆற்றை ஒட்டியே ஒரு பாதை போனால் அந்தப் பாதையும் ஆற்றை ஃபாலோ பண்ணுகிறதாம். ஒன்று நடந்து அதனால் இன்னொன்று நடந்தால் அதற்கும் அதே சொல். இவ்வளவையும் பலகையில் எழுதிவிட்டு, "எல்லாத்துக்கும் அடியில இருக்கிறது ஒண்ணுதான். முன்னால ஒருத்தர் இருக்கணும்" என்றார் வாத்தியார்.

பிறகு அவர் நடந்தார். நாங்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனோம். அவருக்குப் பின்னால் கடிகாரம் பழுது பார்க்கிறவர். அடுத்து ஒரு நர்ஸம்மா. அடுத்து நான். எனக்குப் பின்னால் லாரி டிரைவர், அவருக்குப் பின்னால் மற்றவர்கள். படி இறங்கி, தெருவைச் சுற்றி, டயர் கடை வழியாகத் திரும்ப மேலே வந்தோம். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வாத்தியார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டார். நாங்கள் அப்படியே வரிசையில் நின்றோம். இதுவும் பாடம் என்றுதான் நினைத்தோம், அக்கா. கீழே டயருக்குக் காற்று அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கழித்துத்தான் நர்ஸம்மா போய் அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். அவர் போய்விட்டிருந்தார்.

அடக்கத்துக்கு எல்லாரும் போனோம். யாரும் ஏற்பாடு செய்யவில்லை, ஆனால் அதே வரிசையில்தான் போனோம். முன்னால் கடிகாரக்காரர், பிறகு நர்ஸம்மா, பிறகு நான். திரும்பி வரும்போதும் அப்படித்தான்.

அவர் ஸ்டாப் சொல்லவில்லை. ஏனோ அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பொடிசிடம் பல் முளைத்துவிடும் என்று சொல்.

வாலு


மார்ச் 2

அன்பு வாலு,

நாங்கள் நலம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நல்ல மனுஷர், கஷ்டப்படாமல் போய்ச் சேர்ந்தார் என்று மனத்தைத் தேற்றிக்கொள். செத்தவர் பின்னால் வரிசை கட்டி நின்றோமே என்று மருகாதே. தெரிந்தா செய்தீர்கள்?

வேறு வகுப்பு பார். இல்லாவிட்டால் அந்த நர்ஸம்மாவோடு சேர்ந்து படி. ஏப்ரல் பக்கத்தில் வந்துவிட்டது, கையைக் கட்டிக்கொண்டு உட்காராதே. பொடிசு ஒரு பெட்டியில் தன் துணிகளை அடுக்கி வைத்திருக்கிறாள். நானும் அதைப் பிரிக்கவில்லை. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இந்த வாரம் கூடத்தில் ஒரு கிழவருக்குச் செய்த பல்செட்டை இன்னொருவருக்குக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர் இரண்டு நாள் போட்டுக்கொண்டு, 'பேச்சு ரொம்பத் தெளிவா வருது' என்று புகழ்ந்துவிட்டுப் போயிருக்கிறார். இதைப் படித்தாவது கொஞ்சம் சிரி.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்கா,

நலம். நீங்கள் இருவரும் நலமா?

தேர்வுக்குப் போகவில்லை. போகக் கூடாது என்று இல்லை. அன்று காலை கிளம்பித் தெருமுனைக்கு வந்தேன், நர்ஸம்மா முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவர் வேறு பக்கம் திரும்பினார்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வேலை விட்டு வரும்போது அவரைப் பார்ப்பேன். பேசுவதில்லை. அவர் பின்னால் கொஞ்ச தூரம் போவேன், அவ்வளவுதான். முதலில் அந்தத் தெரு வரைக்கும். பிறகு பாலம் வரைக்கும். அவருக்கு முன்னால் கடிகாரக்காரர். அவர் கடையைத் திறப்பதே இல்லை. என் பின்னால் டிரைவர் வருகிறார் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிகிறது. அவர் மூச்சு தெரியும்.

பைத்தியக்காரத்தனம் என்று நீ சொல்வாய். எனக்கும் தெரியும். ஆனால் நடுவில் விட்டுவிட்டுத் திரும்பினால் உடம்பெல்லாம் ஒரு மாதிரி கூசுகிறது. பாதி மடித்த விரிப்பைக் கீழே போட்டுவிட்டு வந்த மாதிரி. பின்னால் போகும்போது அப்படி இல்லை.

அடுத்த தேர்வு எழுதிவிடுவேன். பொடிசிடம் எதுவும் சொல்லாதே.

வாலு


ஏப்ரல் 19

வாலு,

நான் நலம், பொடிசுக்குக் காய்ச்சல் வந்து இப்போது தேவலை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ பதறாதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடி பைத்தியமே, உன் பிள்ளைக்காக எழுத வேண்டிய தேர்வை விட்டுவிட்டு யாரோ ஒருத்தி பின்னால் ஊர் சுற்றுகிறாயா? சின்ன வயசில் என் பின்னாலேயே திரிந்தாய், அதனால்தான் வால் என்று பெயர் வைத்தோம். அப்போது ஓர் அதட்டுப் போட்டால் நின்றுவிடுவாய். இப்போது அதட்ட நான் பக்கத்தில் இல்லை.

பிறகு யோசித்தேன். பல் அச்சு காய்கிற நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தபோது ஒரு கேள்வி வந்தது. வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. டிரைவர் உன் பின்னால் போகிறார். நீ நர்ஸம்மா பின்னால். நர்ஸம்மா கடிகாரக்காரர் பின்னால். சரி. கடிகாரக்காரர் யார் பின்னால் போகிறார்?

எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கிளம்பி வா. வேலையும் வேண்டாம், வீடும் வேண்டாம். நான் இரண்டு பேரையும் வைத்துக் காப்பாற்றுவேன்.

அக்கா


மே 11

அக்கா,

நீ கேட்டதை நான் யாரிடமும் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

வண்டியே வராத ரோட்டில் கடிகாரக்காரர் சில சமயம் நிற்கிறார். பிறகு நடக்கிறார். வெயிலில் மெதுவாகப் போகிறார். அவருக்கு அவசரமாக இருந்தாலும் மெதுவாகத்தான் போகிறார், அது முதுகைப் பார்த்தாலே தெரிகிறது.

எனக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை. வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. பொடிசு முகம் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் நான் வர வேண்டும் என்றால் அவர்கள் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

நேரமாகிவிட்டது. அவர்கள் தெருமுனையில் நிற்கிறார்கள்.


ஜூன் 3

மதிப்பிற்குரிய வீட்டுக்காரம்மாவுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் மாடி அறையில் குடியிருக்கும் பெண்ணின் அக்கா எழுதுகிறேன். முன்பின் தெரியாதவள் தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிக்க வேண்டும்.

அவளிடமிருந்து கடைசியாக வந்த கடிதத்தில் நலமா என்றுகூட இல்லை. கையெழுத்துப் போடவில்லை. சண்டை போட்டுக்கொண்டு எழுதும் கடிதத்தில்கூட 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்று எழுதுகிறவள் அவள். அதற்குப் பிறகு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. நான் கிளம்பி வரலாம் என்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி எழுதினால் உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.

இப்படிக்கு,
அவள் அக்கா


ஜூன் 17

அன்புள்ள அம்மா,

நாங்கள் நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. நல்லதாக எழுத எனக்கும் ஆசைதான்.

உங்கள் தங்கை இப்போது இங்கே இல்லை. ஓட்டலில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று கேள்வி. அறையில் சாமான் எல்லாம் அப்படியே இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் தேய்ந்த செருப்புகள் கிடக்கின்றன. எல்லாமே இடது கால் மட்டும், ஒரே பக்கமாகத் தேய்ந்தவை. உங்கள் தங்கை நன்றாக நடக்கிறவள்தானே, அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் பெரிய ரோட்டில் அவர்களைப் பார்த்தேன். ஒன்பது பத்துப் பேர் இருப்பார்கள். ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை இல்லை. எல்லாரும் இடது காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். நான் உங்கள் தங்கை பக்கத்திலேயே கொஞ்ச தூரம் போய்த் தண்ணீர் கொடுத்தேன். நடந்துகொண்டே குடித்தாள். "எங்கேம்மா போறே?" என்று கேட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அழுகிற மாதிரி இருந்தது. "அவர் சொல்லலையேம்மா" என்றாள்.

ஊரைத் தாண்டி மேற்கே போனார்கள். என் கணவர் போலீசில் சொன்னார். ரோட்டில் நடந்து போகிறவர்களை எதற்காகப் பிடிப்பது என்று கேட்டார்களாம்.

குழந்தையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுக்காரம்மா


ஆகஸ்ட் 4

அன்புள்ள வீட்டுக்காரம்மாவுக்கு,

வணக்கம். நீங்கள் நலமா? உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததை மன்னிக்கவும். மாடி அறையை வேறு யாருக்காவது விட்டுவிடுங்கள். சாமான்களையும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அவள் வந்துவிட்டாள்.

நேற்று மத்தியானம். நான் வாசலில் அச்சுகளை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தேன். காலை இழுக்கிற சத்தம் முதலில் கேட்டது. பிறகு ஒரு மனிதர் தெருவில் வந்தார், பிறகு ஒரு அம்மா, அதற்குப் பிறகு என் தங்கை. பாதி ஆளாக இளைத்திருந்தாள். எங்கள் வீட்டை அவள் பார்க்கவே இல்லை. பொடிசு "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அவள் நடந்துகொண்டே இருந்தாள். பிள்ளையும் கூடவே இழுபட்டுப் போனது.

அப்போதுதான் அவள் எழுதியது எனக்கு ஞாபகம் வந்தது. வெளியே நிற்கிறவர்கள் நிறுத்தலாம். நான் என்னிடம் இருந்த சத்தத்தையெல்லாம் கூட்டி 'ஸ்டாப்' என்று கத்தினேன்.

நின்றுவிட்டார்கள், அம்மா. தூக்கின கால் தூக்கினபடி நின்று, பிறகு மெதுவாகக் கீழே வைத்தார்கள். நான் போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். உள்ளே வாடி என்றேன், கையைப் பிடித்து இழுத்தேன், கன்னத்தில் ஒன்று வைத்தேன். அசையவில்லை. கண் மட்டும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் சாயும்வரை அப்படியே தெருவில் நின்றார்கள். அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அவளுக்கு அடுத்த சொல் வேண்டும் என்று கடைசியில் எனக்குப் புரிந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எவ்வளவு? ஆனால் 'கம்' என்பது யாருக்குத்தான் தெரியாது. கூப்பிட்டால் அவள் மட்டும் வரமாட்டாள், எல்லாரும்தான் வருவார்கள் என்று தெரிந்தது. வரட்டும், யார் வந்தால் என்ன, என் தங்கை வந்தால் போதும் என்று நினைத்தேன். கதவை அகலத் திறந்து வைத்து 'கம்' என்றேன்.

கடிகாரக்காரர்தான் முதலில் வந்தார். ஆனால் உள்ளே நுழையவில்லை. படிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார். தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டார். கால் சரியில்லாத ஒருவர் எங்கள் வாசல்படியை ஏறி உள்ளே போக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். அதற்குப் பிறகுதான் உள்ளே போனார். அதற்குள் என் தங்கை பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தாள். நான் வேறு என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

நேற்றுச் சாயங்காலம் எங்களுக்கு நல்ல சாயங்காலம். அவள் சாப்பிட்டாள், பேசினாள், பொடிசின் புதுப் பல்லைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். பல்செட் மாறிய கதையை மறுபடி சொல்லச் சொன்னாள். என் பழைய வாலுதான், எந்தச் சந்தேகமும் இல்லை. மற்றவர்கள் கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள், பாவம், யாரும் கெட்டவர்கள் இல்லை. நர்ஸம்மா என் முழங்கைக்குக் கட்டுப் போட்டுவிட்டார். நாளைக்கு ஒவ்வொருவரையாக அவரவர் ஊருக்கு வண்டி ஏற்றிவிடலாம் என்று நினைத்தபடி படுத்தேன்.

இன்று காலை எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு எதுவும் கேட்கவில்லை. கடிகாரக்காரர், நர்ஸம்மா, என் தங்கை. அவள் பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டுத் தன் இடத்தில் போய் நின்றாள். பொடிசு அவள் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன், நானும் பொடிசுக்குப் பின்னால் போய் நின்றிருந்தேன். ஸ்டாப் என்றேன். இரண்டு மூன்று தடவை சொன்னேன். டிரைவர் எனக்கு இடம் விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

இதை நின்றபடியே எழுதுகிறேன். எழுதி முடிக்கட்டும் என்று பொறுமையாக நிற்கிறார்கள். வழியில் தபால்பெட்டி வந்தால் போட்டுவிடுகிறேன். என் தங்கையின் தோள் எனக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, பிள்ளை நடுவில் இருக்கிறது, அந்த ஒரு நிம்மதி எனக்கு உண்டு. அதற்கு மேல் எனக்குப் பயமாக இருக்கிறது என்பதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் வெளியே இருப்பவர். நாங்கள் எந்தப் பக்கம் வருவோம் என்று தெரியாது. உங்கள் தெருவில் எங்களைப் பார்த்தால் 'ஸ்டாப்' என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள். சொன்ன பிறகு பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிடுங்கள். பாவம் பார்த்து எங்களை உள்ளே கூப்பிடாதீர்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
அவள் அக்கா